அகராதி டாக்டரும் ஏறாத பிரஷரும்

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் அகராதி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நேரில் இல்லை, நேரில் சொல்ல யாருக்கும் அவ்வளவு தைரியம் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், வாய்த்துடுக்குக்காக வைத்த பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதிலும் தப்பில்லை. "அகராதி புடிச்ச அம்மா" என்று முணுமுணுத்தபடி அறுவை அரங்கைவிட்டு வெளியே வந்தவர்களை ஒரு பேருந்தில் ஏற்றலாம். ஆனால் பேர் வந்த கதை வேறு. அது ஒரு தையல்காரரின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

அவர் மயக்க மருந்து டாக்டர். இதய அறுவைக்கு வருகிறவர்களைத் தூங்கவைத்து, அறுவை முடியும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு எழுப்புவது அவர் வேலை. இதில் "தூங்கவைப்பது" மட்டும்தான் ஊருக்குத் தெரியும். கணவரின் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தவறாமல் கேட்பார்: "தூங்க வெச்சதுக்கப்புறம் நீ என்னம்மா பண்ணுவே? நீயும் ஒரு ஓரமாத் தூங்குவியா?" கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். பல வருடங்களாக ஒரே நகைச்சுவை. டாக்டரும் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "ஆமா அத்தான், தலகாணி கொண்டுபோறேன்."

தையல்காரருக்கு அறுவை நடந்த நாள், வீட்டிலேயே சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல்போல வந்தது. தலையில் சோப்பு நுரையோடு டாக்டர் கதவைத் திறந்து கத்தினார்.

"என்னங்க! தண்ணி வரல!"

கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் நிரூபித்துத்தான் பேசுவார். கூடத்திலிருந்தே சொன்னார்: "டேங்க் நிறைய தண்ணி இருக்கு. இப்பத்தான் மாடிக்குப் போய்ப் பாத்தேன். மோட்டாரும் நல்லா ஓடுது. அப்புறம் எப்படித் தண்ணி வராம இருக்கும்?"

"வரலைங்கறேன். வந்து பாருங்க."

"வரணுமே. டேங்க் நிறைஞ்சிருக்கு, மோட்டார் ஓடுது."

"உங்க கணக்குல வருது. என் தலையில வரல. போதுமா?"

காலை நேரம். கீழ்வீடுகள் எல்லாவற்றிலும் குழாய்கள் திறந்திருந்தன. ஒரு வீட்டில் துணி துவைத்தார்கள், இன்னொரு வீட்டில் செடிக்குக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோயிருந்தார்கள். மேல்மாடிக்கு வந்து சேரத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை. டேங்கையும் மோட்டாரையும் குறை சொல்லி என்ன பயன்? டாக்டர் வாளியில் பிடித்துக் குளித்து முடித்தார். குழாய்க்காரருக்குப் போன் செய்தார். "இதோ கிளம்பிட்டேன் மேடம்," என்றார் அவர். போன வாரமும் கிளம்பியிருந்தார்.

காலைச் சாப்பாடு இல்லை. நேரமும் இல்லை, பசிக்கிற மனநிலையும் இல்லை.

அறுவை அரங்கின் வாசலில் தையல்காரர் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். ஒல்லியான மனிதர். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்பக்கமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கொஞ்ச நாளாகப் படியே இல்லாமலும் வாங்கியது. அதைச் சரிசெய்யத்தான் வந்திருந்தார். பயத்தை மறைக்க நிறையப் பேசினார்.

"டாக்டரம்மா, உள்ள இருக்கறவரு நல்லாத் தைப்பாரா? நம்ம தொழில் பாருங்க, தையல் கோணலா இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

"கிழிக்கிறதும் அவரு, தைக்கிறதும் அவரு. துணி நழுவாமப் புடிச்சிக்கிறவ நான்," என்றார் டாக்டர். "அது இருக்கட்டும். காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படல."

"பிரஷர் மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடல டாக்டரம்மா." இதைச் சொல்லும்போது தையல்காரரின் முகத்தில் பரீட்சையில் முதலிடம் வந்த பிள்ளையின் பெருமை இருந்தது. "நேத்தே சிஸ்டர் சொல்லிட்டாங்க, எதையும் சாப்பிடக்கூடாது, மாத்திரைகூடச் சாப்பிடக்கூடாதுன்னு. நான் சொல் மீற மாட்டேன். வேணும்னா வீட்டுக்காரியைக் கேளுங்க."

"நல்ல ஆளு," என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். பக்கத்திலிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

அந்த மாத்திரையைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பிரஷரைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒரு வகை, ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிட்டுத்தான் குறைக்கும். வீட்டில் நடமாடும்போது அது நல்லது. இதய அறுவை நாளன்று காலையில் உள்ளே போனால், குழாய்கள் தளர்ந்தது தளர்ந்ததுதான். ஆயிரம் மருந்து கொடுத்தாலும் இறுக மறுக்கும். அதனால்தான் முந்தின நாளோடு நிறுத்தச் சொல்வார்கள்.

மயக்க மருந்து ஏறியது. தையல்காரர் ஏதோ சட்டைக் காலர் பற்றிச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். பிரஷர் இறங்கியது.

அதில் அதிசயம் இல்லை. மயக்கம் கொடுத்தால் யாருக்கும் கொஞ்சம் இறங்கும். டாக்டர் வழக்கமான மருந்தைக் கொஞ்சம் கொடுத்தார். ஏறியது. வாத்தியார் பார்க்கும்போது எழுந்து நின்று, அவர் திரும்பியதும் உட்காரும் மாணவனைப்போல, மறுபடியும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் கொடுத்தார். ஏறியது, உட்கார்ந்தது. "என்னய்யா உனக்கு?" என்று தூங்குகிறவரிடம் கேட்டார். மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார். நரம்பு வழியாக நீர் ஏற்றினார். ஓர் ஊசிமருந்தை இடைவிடாமல் சொட்டச் செய்தார். பிரஷர் ஏதோ பெரிய மனது பண்ணி, போனால் போகிறது என்று ஓரளவுக்கு நின்றது.

அறுவை நிபுணருக்கு அரங்கில் "அவசரம்" என்று பேர். கையில் கத்தி வருவதற்குள் அடுத்த நோயாளியைப் பற்றிக் கேட்கிறவர். நல்ல கை, கெட்ட பொறுமை. அவர் நெஞ்சைத் திறந்தார். இதயத்தின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றி, அதை நிறுத்தினார்கள். உடம்பின் ரத்தத்தை வாங்கி, காற்றூட்டி, திருப்பி அனுப்பும் அந்த இயந்திரத்தைப் பம்ப் என்பார்கள். அதை ஓட்டுகிறவர் பெரிய மீசைக்காரர். எல்லோருக்கும் பம்ப் அண்ணன்.

கொஞ்ச நேரத்தில் அவரும் புலம்ப ஆரம்பித்தார். "மேடம், நான் ஓட்டவேண்டிய அளவுக்கு மேலயே ஓட்டறேன். பிரஷர் நிக்கவே மாட்டேங்குது. ஓட்டைப் பானையில ஊத்தற மாதிரி போயிட்டே இருக்கு."

"இங்கயுமா?" என்றார் டாக்டர்.

"வேற எங்க மேடம்?"

"எங்க வீட்டுலயும் பிரஷர் இல்ல. காலையிலேருந்து."

"சாருக்கா?"

"குழாய்க்கு!"

பம்ப் அண்ணன் மீசைக்குள் சிரித்தார். முகமூடி இருந்ததால் தப்பித்தார்.

அவசரம் வால்வைச் சரிசெய்து முடித்தார். இதயத்தைத் திரும்ப ஓடவிட்டார்கள். அது நன்றாகவே ஓடியது. இனி பம்ப்பை மெல்லக் குறைத்து, வேலையை இதயத்திடமே ஒப்படைக்கவேண்டும். குறைத்தார்கள். திரையில் பிரஷர் படிக்கட்டில் உருண்ட பாத்திரம் மாதிரி கீழே போனது.

"பிரஷர் என்ன மேடம்?" என்றார் அவசரம்.

"கம்மியா இருக்கு."

மருந்தைக் கூட்டினார். ஒரு மூச்சு விடவில்லை, அதற்குள்:

"இப்ப என்ன மேடம்?"

"இப்பவும் கம்மியாத்தான் இருக்கு."

"ஏறலையா?"

"சார், திரை உங்க தலைக்கு மேலயே தொங்குது."

"பாத்துட்டுத்தான் கேக்கறேன்."

"பாத்தாலும் ஏறாது, கேட்டாலும் ஏறாது. என்னை வேலை செய்ய விட்டா ஒருவேளை ஏறும்."

சிஸ்டர் குனிந்து கருவிகளை எண்ணுவதுபோல நடித்தார்.

டாக்டர் முதலில் அளக்கும் கருவியைச் சந்தேகப்பட்டார். அது நோயாளியின் நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். யாராவது மேசையை இறக்கிவிட்டு அதை அப்படியே விட்டால், இல்லாத தாழ்வைக் காட்டும். மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. நோயாளியின் கையிலிருந்து அந்தக் கருவிக்குப் போகும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "சார், பெரிய குழாயை விரலால தொட்டுப் பாருங்க," என்றார். இதயத்திலிருந்து கிளம்பும் அந்தத் தாய்க்குழாயை அவசரம் தொட்டார். அவர் குரல் முதல்முறையாக அவசரமில்லாமல் வந்தது.

"மெத்துனு இருக்கு மேடம். பழைய சைக்கிள் டயர் மாதிரி."

அப்படியென்றால் திரை பொய் சொல்லவில்லை. ரத்தம் எங்கும் கசியவில்லை. தோலில் தடிப்பு இல்லை, ஒவ்வாமையும் இல்லை. உணவுக்குழாய் வழியாகப் பின்னாலிருந்து இதயத்தைப் படம் காட்டும் கருவி ஒன்றை முன்பே இறக்கியிருந்தார். அதில் பார்த்தார். வால்வு கச்சிதமாக மூடியது. இதயம் ஒழுங்காக, உற்சாகமாக அடித்தது.

"மறுபடி பம்ப்புல போட்டுக்குவோம்," என்றார் டாக்டர். "எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்."

பம்ப் அண்ணன் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் பம்ப்பில் எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்பதில்லை. ரத்தம் நசுங்கும், பிரஷர் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் மூளையும் சிறுநீரகமும் பட்டினி கிடக்கும். கட்டிலின் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையை டாக்டர் பார்த்தார். காலையிலிருந்து வந்த கொஞ்சம்தான் அடியில் கிடந்தது. புதிதாக ஒரு சொட்டுகூட இல்லை. தையல்காரர் எழுந்திருக்காமலே போகலாம். எழுந்தாலும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவராக எழலாம். அந்தப் பை அதைத்தான் சொன்னது.

"மேடம், இதயத்துக்கு இன்னும் வலுவா ஏதாவது குடுங்க. தட்டி ஓட்டுங்க," என்றார் அவசரம்.

"இதயம் நல்லாத்தான் ஓடுது சார்! ஓடற குதிரையை எதுக்கு அடிக்கணும்? டேங்க் நிறைஞ்சிருக்கு, மோட்டார் ஓடுது," என்று சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். கணவரின் வசனத்தைத் தானே சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். ரத்தம் இருக்கிறது, இதயம் இருக்கிறது. உடம்பிலுள்ள குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன. ரப்பர் செத்துப்போன காலுறை மாதிரி, மேலே இழுத்தால் உடனே சரிகின்றன.

குழாய்களை இறுக்கும் மருந்தைக் கூட்டினார். அதோடு இன்னொரு வகை மருந்தைச் சேர்த்தார். அதற்கும் துணையாக வேறொன்றைக் கொடுத்தார். பிரஷர் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. பம்ப்பைக் குறைத்தால் மறுபடியும் சரிந்தது. இவ்வளவு மருந்துக்கு ஒரு யானை எழுந்து நின்றிருக்கும்.

"மேடம்..." என்று ஆரம்பித்தார் அவசரம்.

"பிரஷர் என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

இவ்வளவு தளர்ச்சிக்கு ஒரே ஒரு காரணம்தான் டாக்டருக்குத் தோன்றியது. அந்தக் காரணத்தைத்தான் காலையிலேயே கேட்டு, இல்லை என்ற பதிலும் வாங்கியாகிவிட்டது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

"சிஸ்டர், வெளியில கூடத்துல அவரு வீட்டுக்காரம்மா காத்திருக்காங்க. அவங்க செல்லுக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி என் காதுகிட்டப் புடிங்க."

போனில் பதறிய குரல் வந்தது. "டாக்டரம்மா! முடிஞ்சுதா? நல்லா இருக்காரா?"

"இன்னும் முடியலம்மா. ஒண்ணு கேக்கணும், பயப்படாம நிதானமாச் சொல்லுங்க. காலையில அவரு மாத்திரை சாப்பிட்டாரா?"

"ஐயோ, இல்லவே இல்ல! சத்தியமாச் சாப்பிடல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேணாம் டாக்டரம்மா. நான் பக்கத்துலதானே இருந்தேன். ஒண்ணுமே சாப்பிடல. மாத்திரை போட்டாரு, அவ்வளவுதான்."

அரங்கில் எல்லோர் கையும் அப்படியே நின்றது.

"என்னம்மா சொன்னீங்க?"

"பிரஷர் மாத்திரை டாக்டரம்மா. சட்டைப் பையில வெச்சிருந்தாரு, எடுத்துப் போட்டாரு. ஆனா சாப்பிடல! சாப்பாட்டோட சேத்துத்தானே அதைச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க. சாப்பிடக்கூடாதுன்னு நீங்க சொன்னதால சாப்பாடு இல்லாமச் சும்மாப் போட்டாரு. தண்ணிகூடத் தொடல. எச்சிலைக் கூட்டி முழுங்கினாரு. 'பாத்தியா, சொல்லு தவறாம இருக்கேன்'னு என்கிட்டயே பெருமை அடிச்சாரு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "மாத்திரைகூடச் சாப்பிடக்கூடாதுன்னுதானேம்மா சொன்னாங்க?"

"ஆமா, சாப்பிடலையே! எங்க பக்கத்து டாக்டரு, ஒரு நாள் மாத்திரை போடாம விட்டாலும் ஆளு காலின்னு சொல்லியிருக்காரு. அவரு சொல்லையும் தட்டக்கூடாது, உங்க சொல்லையும் தட்டக்கூடாது. இவரு என்னதான் பண்ணுவாரு?"

பம்ப் அண்ணன், "ரெண்டு பேருக்கும் நல்லவரா இருந்திருக்காரு," என்று முணுமுணுத்தார்.

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? சாப்பிடவில்லை என்றவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் சரியாகத்தான் கேட்டார். நடுவில் ஒரு சொல் காலை வாரிவிட்டது. சொல்லைப் பிடித்து உலுக்க முடியுமா?

இனி ஒரு மருந்து மிச்சம் இருந்தது. நீல மருந்து. பேனா மை மாதிரி அடர்ந்த நீலம். எதற்கும் இறுகாத குழாய்கள் சில நேரம் அதற்கு இறுகும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம்: மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடம்பில் இருந்தால், அந்த நீலம் அவற்றோடு சேர்ந்து ஆளையே கவிழ்த்துவிடும்.

"அம்மா, இன்னொரு கேள்வி. இதுல அவரு உயிரே இருக்கு. அவரு மனசுக்கு, கவலைக்கு, தூக்கத்துக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?" என்றவர் உடனே தன்னைத்தானே திருத்திக்கொண்டார். "சாப்பிடறாரா, போடறாரா, முழுங்கறாரா? எப்படியாவது உள்ள போகுதா?"

அந்தம்மா, "அது வந்து..." என்று இழுத்தார். பின்னால் ஓர் ஆண்குரல், "என்ன அண்ணி கேக்கறாங்க?" என்றது.

டாக்டருக்குப் புரிந்தது. "பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா? கொஞ்சம் தள்ளி வந்து சொல்லுங்கம்மா. சொல்றதுல வெக்கமே இல்ல. மறைச்சாத்தான் ஆபத்து."

காலடிச் சத்தம். ஒரு கதவு. பிறகு தாழ்ந்த குரல்: "அந்த மாத்திரை வீட்டுல இருக்கு டாக்டரம்மா."

டாக்டர் போன் பக்கம் இன்னும் சாய்ந்தார்.

"ஆனா அது எனக்கு. அவரோட குடித்தனம் பண்றது நான்தானே? அவருக்கு எதுக்கு?"

"அவரு தப்பித் தவறிக்கூட அதை எடுக்க மாட்டாரே?"

"அது இருக்கறதே அவருக்குத் தெரியாது. அரிசி டப்பாவுக்குள்ள வெச்சிருக்கேன். அவரு அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்து வருஷக்கணக்காச்சு."

"உறுதியாத்தானே?"

"டாக்டரம்மா, அந்த ஆளுக்கு உப்பு எங்க இருக்குன்னே தெரியாது."

டாக்டர் வாழ்நாளில் ஓர் ஆணின் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொன்னது அன்றுதான். "அங்கயே இருங்கம்மா. நானே வந்து சொல்றேன்," என்றுவிட்டுத் திரும்பினார். "சிஸ்டர், நீலம்!"

மருந்து கலந்து தயாரானதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இது உள்ள போனதும் விரல்ல மாட்டியிருக்கற கருவி ஏமாந்துபோகும். ரத்தத்துல காத்தே இல்லைன்னு அலறும். அது பொய். யாரும் கத்தக்கூடாது."

நீலம் மெல்ல இறங்கியது. விரல் கருவியின் அளவு மடமடவென்று விழுந்து மணி அடித்தது.

"மேடம்! காத்து இறங்குது!" என்றார் அவசரம்.

"இப்பத்தானே சொன்னேன்! செவுத்துக்கா சொன்னேன்?"

ரத்தத்தை எடுத்துத் தனியாகச் சோதித்தார்கள். காற்று நிறைவாக இருந்தது. மணியை நிறுத்தினார்கள். அரங்கில் பம்ப்பின் உறுமல் மட்டும் இருந்தது. டாக்டர் திரையையே முறைத்தார். பார்த்தாலும் ஏறாது என்று சொன்னவர் அவரேதான். இருந்தாலும் முறைத்தார்.

பிரஷர் கொஞ்சம் ஏறியது. டாக்டர் நம்பவில்லை; காலையிலிருந்து எத்தனை முறை ஏமாற்றியாகிவிட்டது. உட்காரும் என்று காத்திருந்தார். உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது. "அண்ணே, மெதுவாக் குறைங்க," என்றார். பம்ப் அண்ணன் குறைத்தார். நின்றது. இன்னும் குறைத்தார். நின்றது. அவசரம் தாய்க்குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டயர்ல காத்து ஏறிடுச்சு மேடம்," என்றார். பம்ப் முழுதாக நின்றபோது, தையல்காரரின் இதயம் தன் வீட்டைத் தானே நடத்த ஆரம்பித்தது.

ஆனால் டாக்டர் உட்காரவில்லை. நெஞ்சை மூடித் தைக்கும்வரைக்கும் அவர் கண் கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. கடைசித் தையலின்போது சிஸ்டர்தான் கூவினார்: "மேடம்! வருது!"

பையில் சிறுநீர் சொட்டியது. நீல மருந்து கலந்து, பாசி பிடித்த குளம்போலப் பச்சையாக. பார்க்க அசிங்கமான நிறம். அகராதி டாக்டர் குனிந்து அதை நகைக்கடையில் நகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கிழிச்சதும் சரி, தைச்சதும் சரி," என்றார். "துணிதான் நழுவிட்டே இருந்துச்சு, சனியன்!"

வெளியே வந்து தையல்காரரின் மனைவியிடம் சொன்னார். அந்தம்மா அழுதுகொண்டே கேட்ட முதல் கேள்வி: "டாக்டரம்மா, அரிசி டப்பா விஷயம் அவருகிட்டச் சொல்லிட மாட்டீங்களே?" சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பின்னாலேயே ஆண்குரல்காரக் கொழுந்தனார் வந்து, "தூங்க வெக்கிற டாக்டர் நீங்கதானா? அப்ப உங்களுக்கு உள்ள ரொம்ப வேலை இருந்திருக்காது," என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கே கொஞ்சம் பிரஷர் இறங்கியிருக்கும்.

அன்று வீட்டுக்குப் போனபோது குழாய்க்காரர் வரவில்லை. கணவர் மட்டும் ஒரு தாளில் டேங்கையும் குழாய்களையும் வரைந்து வைத்துக்கொண்டு, "கண்டுபிடிச்சிட்டேன். எல்லாரும் ஒரே நேரத்துல திறக்கறாங்க, அதான்," என்றார். டாக்டர் தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். காலையிலிருந்து அதுதான் முதல் வாய்.

மறுநாள் தீவிர சிகிச்சை அறைக்குப் போகும்போது, தையல்காரரை எப்படித் திட்டுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். தோலில் லேசான நீலம் இன்னும் மிச்சம். டாக்டரைப் பார்த்ததும், திட்டு வருமுன்னே, கரகரத்த குரலில் சொன்னார்:

"டாக்டரம்மா, நான் சாப்பிடல."

"தெரியும். போட்டீங்க."

"ஆமா! அதைத்தான் இவகிட்டயும் சொல்றேன். சாப்பிட்டது வேற, போட்டது வேற. ஊக்கு குத்தறதும் தையல் போடறதும் ஒண்ணாகுமா?"

"ஒண்ணுதான்யா! உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்! ஒரு மாத்திரையைப் போட்டுட்டு நாலு பேரை நாள்பூராத் தலைகீழா நிக்க வெச்சிட்டு, ஊக்குக் கதையா சொல்றீங்க?"

மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பல வருடங்களாகத் தான் திட்ட நினைத்ததை இன்னொருவர் வாயால் கேட்கும் சந்தோஷம். அந்த நேரம் பார்த்துச் சிஸ்டர் ஒரு சிறு கிண்ணத்தோடு வந்தார். "ஐயா, மாத்திரை நேரம்."

தையல்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். நிஜமான சந்தேகத்தோடு, மெதுவாகக் கேட்டார்: "இதை நான் சாப்பிடவா, போடவா?"

"முழுங்குங்க!" என்று டாக்டர் கத்தியது மூன்றாவது கட்டில்வரை கேட்டது. மூன்றாவது கட்டில்காரரும் பயந்துபோய்த் தன் மாத்திரையை முழுங்கினார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேர் வந்தது. அரங்கு வாசலில் யார் படுத்திருந்தாலும் டாக்டர் குனிந்து, மூச்சு விடாமல் கேட்பார்: "காலையில மாத்திரை சாப்பிட்டீங்களா, போட்டீங்களா, முழுங்கினீங்களா, எடுத்துக்கிட்டீங்களா, நாக்குக்கு அடியில வெச்சீங்களா?" அகராதியில் ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருக்காது என்று பம்ப் அண்ணன் சொல்ல, பேர் ஒட்டிக்கொண்டது. நோயாளிகள் சிலர் சிரிப்பார்கள், சிலர் மிரளுவார்கள். டாக்டர் எதையும் சட்டை செய்வதில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அதே வாசலில் படுத்திருந்தார். டாக்டர் முழுப் பட்டியலையும் ஒப்பித்தார். தலைமையாசிரியர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார்.

"சாப்பிடல. போடல. முழுங்கல. எடுத்துக்கல. நாக்குக்கு அடியிலயும் வெக்கல."

டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி. கட்டிலைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எனக்குத் தொண்டையில மாத்திரை இறங்காது மேடம்," என்றார் தலைமையாசிரியர், சாந்தமாக. "எப்பவும் ஒரு வாய்த் தண்ணியில கரைச்சுக் குடிச்சிடுவேன்."

கட்டில் நின்றது. உள்ளேயிருந்து அவசரத்தின் குரல் கேட்டது: "மேடம், ஆரம்பிக்கலாமா?"

"நாளைக்கு!" என்றார் அகராதி டாக்டர்.